கும்பகோணம், தஞ்சாவூர்: கட்டடக்கலை பார்க்க நடப்பவர்களுக்கு மூன்று நாள் திட்டம்

கும்பகோணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் நவக்கிரகக் கோயில் பட்டியலோடு வருகிறார்கள். ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றிக் காட்டும் வேன்கள் உண்டு. அதில் தரிசனம் கிடைக்கும், கட்டடம் கிடைக்காது. ஒரு கோயிலுக்கு இருபது நிமிடம் என்றால் செருப்பு விடவும் வரிசையில் நிற்கவுமே அது போய்விடும். சோழர் காலச் சுவர் ஒன்றைச் சுற்றி வர, நின்று பார்த்தால், குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆகும். இந்தத் திட்டத்தில் அதனால் கோயில்கள் குறைவு. மூன்று நாளில் ஏழெட்டு. அதுவும் இரண்டு பேரோ நாலு பேரோ நடந்து பார்க்கிற கணக்கில்.

தங்குவது கும்பகோணத்தில். பெரிய கோயிலுக்காகத் தஞ்சாவூரிலேயே அறை போடத் தோன்றும். ஆனால் தஞ்சாவூரில் பார்க்க வேண்டியவை ஒரு நாளில் அடங்கிவிடும். கும்பகோணத்தில் ரயிலடியிலிருந்து காவிரிக் கரை வரை எல்லாம் நடை தூரம். தாராசுரம், சுவாமிமலை, திருபுவனம் மூன்றும் ஊரைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. தஞ்சாவூர் 40 கிலோமீட்டர்தான்.

எப்போது வருவது

தை, மாசி நல்ல மாதங்கள். மழை விட்டிருக்கும், கல் இன்னும் சுடாது, சம்பா அறுவடை நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எந்தத் திட்டத்தையும் கலைத்துவிடும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதரைக்கு மேல் பிராகாரத்தில் வெறுங்காலுடன் நிற்கவே முடியாது.

பலர் பார்க்க மறப்பது நாட்காட்டியை. வளர்பிறை முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் நல்ல அறை கிடைப்பது கஷ்டம், பஸ்ஸில் நிற்க இடம் கிடைப்பதும் கஷ்டம். தேதி முடிவு செய்யும் முன் தினசரிக் காலண்டரைப் புரட்டுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அறை சுலபம். ஆடியில் பெரும்பாலும் காவிரியிலும் தண்ணீர் வந்திருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12 திறப்பது வழக்கம், அந்த வருடம் அணையில் நீர் இருந்தால். ஆடிப் பதினெட்டை மட்டும் தவிருங்கள், படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது.

கிழமையிலும் ஒரு கண் வையுங்கள். ஞாயிறு மாலை 4:30 முதல் 6 வரை ராகு காலம். அந்த நேரத்தில் திருநாகேஸ்வரத்துக்கு ராகுவுக்காகவும் திருபுவனத்துக்குச் சரபேஸ்வரருக்காகவும் கூட்டம் திரண்டு வரும். பிரதோஷ மாலையில் தஞ்சை நந்தி மண்டபம் பக்கம் நெருங்க முடியாது. திங்கள் தொடங்கி புதன் முடிவதுபோல் வைத்துக்கொண்டால், நடுவில் பிரதோஷம் வராதவரை, நிம்மதி.

கடைசியாக ஒன்று: போகிற கோயிலில் திருப்பணி நடக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாலாலயம் (திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) செய்துவிட்டால் கருவறைக்கு மேலெழும் விமானமும் வாசல் கோபுரமும் சாரம் கட்டி, கீற்றோ துணியோ போர்த்தி மாதக்கணக்கில் நிற்கும். கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது என்பதால் ஊருக்குள் இந்தக் கேள்விக்கு இப்போது மதிப்பு அதிகம்.

நடை சாத்தும் நேரமும் வெயிலின் திசையும்

பகல் 12 மணி வாக்கில் (சில இடங்களில் 12:30-க்கு) கோயில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். இந்த நாலு மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காததால்தான் பெரும்பாலான பயணங்கள் குலைகின்றன. காலை 6:30-லிருந்து 11 வரை ஒரு நடை, 4-லிருந்து இருட்டும் வரை இன்னொரு நடை. நடுவே கோயிலல்லாத ஒன்று, அல்லது தூக்கம்.

அடுத்தது வெளிச்சம். இந்தப் பயணத்தில் வரும் பெரிய சிவன் கோயில்கள் கிழக்கு பார்த்தவை. காலையில் முகப்பு ஒளியில் இருக்கும், மாலையில் பின்சுவர். தெற்கும் வடக்கும் மாதத்தைப் பொறுத்தது. இந்த ஊர்கள் ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. தையில் வந்தால் தெற்குச் சுவரில் நாள் முழுக்கச் சாய்வெயில் விழும், சிற்பத்தின் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். வடக்குச் சுவர் நிழலிலேயே கிடக்கும். வடக்குக் கோட்டத்து (சுவர் மாடத்து) பிரம்மாவும் துர்க்கையும் தைமாதப் படங்களில் மங்கலாக வருவதற்குக் காரணம் அதுதான். செல்போனைக் குறை சொல்ல வேண்டாம்.

பையில் வைக்க வேண்டியவை

பழைய பருத்திக் காலுறை ஒரு ஜோடி, கல் சுடும்போது போட்டுக்கொள்ள. கழற்ற மாட்ட வசதியான செருப்பு. லேஸ் கட்டும் ஷூ வேண்டாம், ஒரு நாளில் பத்துத் தடவை கழற்ற வேண்டியிருக்கும். சின்ன பைனாகுலர் ஒன்று, 8 மடங்கு போதும். விமானத்தின் மேல் தளங்களை வேறு எப்படியும் பார்க்க முடியாது. மண்டபத்து இருட்டுக்குக் கைவிளக்கு. செருப்புக்கும் கேமராச் சீட்டுக்கும் சில்லறை. அரைக்கால் சட்டையோடு போய் வாசலில் திரும்பாதீர்கள். கருவறைப் பக்கம் படம் எடுக்கக் கூடாது. தொல்லியல் துறையின் கோயில்களில் வெளியே செல்போனில் எடுக்கத் தடையில்லை, முக்காலி வைக்கத்தான் தனி அனுமதி வேண்டும்.

சுவரைப் படிக்கும் வரிசை

கீழிருந்து மேலே போங்கள். தரையை ஒட்டிய அடித்தளம் அதிட்டானம். அதில் உருண்டையாகவோ எட்டுப் பட்டையாகவோ ஓடுவது குமுதம், அதற்கு மேல் யாளி வரிசை. பிறகு சுவர், அதில் அரைத்தூண்கள், இடையிடையே தெய்வ உருவம் நிற்கும் கோட்டங்கள். சுவர் முடிகிற இடத்தில் வளைந்து இறங்கும் கல் கொடுங்கை, அதன் மேல் குதிரைக் குளம்பு வடிவில் கூடுகள். அதற்கும் மேலே தளங்கள், கழுத்து, சிகரம், கலசம்.

காலத்தைக் கண்டுபிடிக்கச் சிறந்த இடம் தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை. அலை அலையாக வரி ஓடினால் முற்காலச் சோழர் என்று ஊகிக்கலாம். வெறுமனே சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முக்கோண நீட்டல் இருந்தால் தஞ்சைக் காலம், அதை ஒட்டிய காலம். முனை மணிபோலத் திரண்டால் பிற்காலச் சோழர், பாண்டியர். தலைகீழ்த் தாமரை மொட்டு தொங்கினால் விஜயநகரம், நாயக்கர். ஒரே கோயிலில் இரண்டு மூன்று வகைகள் இருக்கும், ஏனென்றால் எந்தக் கோயிலும் ஒரே ஆட்சியில் முடியவில்லை. முதல் நாள் இதை மட்டும் பழகிக்கொண்டாலே வழிகாட்டி இல்லாமல் பாதி விஷயம் புரிந்துவிடும்.

கல்வெட்டையும் முயன்று பாருங்கள். தமிழ் எழுத்துதான், ஆனால் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. தொடக்கத்து ‘ஸ்வஸ்திஸ்ரீ’ கிரந்தத்தில் இருக்கும். தஞ்சாவூரில் ‘திருமகள் போல’ என்பதைத் தேடுங்கள், அது ராஜராஜனின் மெய்க்கீர்த்தித் (அரசன் புகழைச் சொல்லும் முன்னுரை) தொடக்கம். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு சுவரெங்கும் தென்படும்.

முதல் நாள்: கும்பகோணம் தெருக்களும் தாராசுரமும்

சென்னையிலிருந்து உழவன் விரைவு ரயிலில் இரவு ஏறினால் காலையில் கும்பகோணம். பையை அறையில் வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, மகாமகக் குளத்தில் தொடங்குங்கள். குளம் ஆறு ஏக்கருக்குச் சற்று மேல். கரையில் 16 மண்டபங்கள், தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. ஒவ்வொன்றின் விமானமும் வேறு மாதிரி. வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில்.

அங்கிருந்து வடமேற்காக நடந்தால் நாகேஸ்வரன் கோயில். இந்த ஊரில் ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ஆதித்த சோழன் காலத்தில் எழுந்தது. விமானம் சின்னது. அண்ணாந்து பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பார்க்க வேண்டியது கருவறைச் சுவரில், கண் மட்டத்தில் நிற்கிற ஆண், பெண் உருவங்களை. தெய்வங்களுக்கு நடுவே மனிதர்கள், அரச குடும்பத்தினர் என்பார்கள். முகத்தில் தனித்தன்மை அப்படித் தெரியும். மேற்குக் கோட்டத்து அர்த்தநாரியின் நிற்கும் ஒயிலுக்கே பத்து நிமிடம் கொடுக்கலாம். குனிந்து பார்த்தால் அதிட்டானத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ராமாயணக் காட்சிகள். சித்திரை 11, 12, 13 காலையில் சூரிய ஒளி லிங்கத்தின் மேல் விழும், அந்த மூன்று நாள் சிற்பம் பார்க்க ஏற்றதல்ல.

அடுத்து மேற்கே சாரங்கபாணி கோயில், பதினோரு நிலை ராஜகோபுரம். நாகேஸ்வரனுக்கு அடுத்து உடனே இதைப் பார்ப்பதில் ஒரு பாடம் இருக்கிறது. சோழர் காலத்தில் உயரம் கருவறைக்கு மேல் இருந்தது, பிற்காலத்தில் அது வாசலுக்கு வந்துவிட்டது. கோபுரத்தில் கீழ்ப் பகுதிதான் கல், மேலே செங்கல்லும் சுதையும். டெல்டாவில் மண்ணும் மணலும் உண்டு, பாறை கிடையாது. ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வந்தது. மேல் நிலைகளுக்குச் செங்கல் போட்டதில் எடைக் கணக்கும் செலவுக் கணக்கும் இருக்கின்றன. உள்ளே கருவறையே குதிரை பூட்டிய தேர்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கணக்குக்காக மட்டும் போக வேண்டாம். இந்த ஊரில் அந்நியர் உள்ளே போய்ப் பார்க்க முடிகிற பழைய வீடு அது. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லைக் கிணறு என்று ஒரு வரிசையில் பின்னோக்கி ஓடும் அமைப்பு அங்கே தெளிவாகப் புரியும். தெருவைப் பார்த்த அகலம் குறைவு, நீளம் அதிகம், பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு பொது. பக்கத்தில் சன்னல் வைக்க முடியாததால் பெரிய வீடுகளில் வெளிச்சமும் காற்றும் முற்றம் வழியாக வரும். இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மற்ற வீடுகளைத் திண்ணையை வைத்தே ஊகிக்கலாம். திண்ணையை இடித்துக் கடையாக்கியவை, கம்பி போட்டு அடைத்தவை, நாட்டு ஓடு போய்த் தகரம் வந்தவை. ஆள் இருக்கிற வீட்டைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் உள்ளேயும் கூப்பிடுவார்கள்.

பொற்றாமரைக் குளத்தை ஒட்டி நடந்து கும்பேஸ்வரர் கோயில். வாசலுக்கு முன்னால் கடைகள் அடைத்த நீண்ட மண்டபம் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பித்தளைப் பாத்திரம் வாங்குகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், வெயிலேறிவிடும், திரும்பும்போது வாங்கலாம். இங்கே அதிக நேரம் வேண்டாம். தெற்கே ராமசாமி கோயிலுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். ரகுநாத நாயக்கர் (1600–1634) காலத்துக் கோயில். முன் மண்டபத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல், முழு உருவச் சிற்பங்கள். நாகேஸ்வரனில் சுவரோடு ஒட்டியிருந்த உருவம் இங்கே தூணிலிருந்து வெளியே வந்து நிற்கிறது. எழுநூறு வருட இடைவெளி, நடந்தால் கால் மணி நேரம். போதிகையை இங்கே மறுபடி பாருங்கள், தாமரை மொட்டு தொங்கும். பிராகாரச் சுவரில் ராமாயண ஓவியம்.

இங்கிருந்து சக்கரபாணி கோயில் வரை ஊடே போகும் கடைவீதியும் நாயக்கர் காலத் திட்டம்தான். தெம்பிருந்தால் அதன் வழியே காவிரிப் படித்துறை வரை போகலாம். மொத்த நடை நாலைந்து கிலோமீட்டருக்குள். 11 மணிக்கு நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டுக்கு மெஸ், பிறகு படுக்கை. கடப்பா என்கிற கும்பகோணம் குருமா ஞாயிறு காலை இட்லிக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும், திங்களன்று வந்தவர்கள் கேட்டுப் பயனில்லை.

மாலை 4 மணிக்கு தாராசுரம். ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ, நாலு கிலோமீட்டருக்குள். இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். விமானம் 24 மீட்டர்தான், தஞ்சாவூரோடு ஒப்பிட்டால் குள்ளம். ஆனால் நுணுக்கத்தில் இதற்கு இணை இல்லை. ராஜகம்பீரன் மண்டபம் தென்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர். தை, மாசி மாலையில் வெயில் நேராக அதன் மேல் விழும், எனவே முதலில் அங்கே போங்கள். பிறகு கருவறை அதிட்டானத்தில் நாயன்மார் கதைச் சிற்பங்கள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் அளவுதான், பெயர்க் குறிப்போடு. பெரியபுராணம் தெரிந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் போவது தெரியாது. தெரியாதவர்கள் கண்ணப்பர், காரைக்காலம்மையார், சுந்தரரை முதலை விழுங்கிய பிள்ளையோடு காட்டும் கதை இவற்றையாவது படித்துவிட்டு வாருங்கள். யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய உருவத்தை யாராவது கட்டாயம் காட்டுவார்கள். தட்டினால் சத்தம் வரும் பலிபீடப் படிகளைக் கம்பி போட்டுத் தடுத்திருக்கிறார்கள், நல்லது. பக்கத்தில் அம்மன் கோயில் தனிக் கட்டடம், அங்கே யாரும் போவதில்லை, சுவர்கள் அமைதியாகக் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: தஞ்சாவூர்

ரயிலில் போங்கள். தஞ்சை ரயில் நிலையத்திலிருந்து பெரிய கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள், புதிய பேருந்து நிலையமோ ஊருக்கு வெளியே. காலை 7 மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும், கல்லும் சுடத் தொடங்கும்.

வாசல்களில் அவசரப்படாதீர்கள். முதலில் மராட்டியர் வாசல், அடுத்து ஐந்து நிலையுள்ள கேரளாந்தகன் திருவாசல், அதற்கடுத்து மூன்று நிலையுள்ள ராஜராஜன் திருவாசல். இரண்டு சோழ வாசல்களும் விமானத்தைவிடத் தாழ்ந்தவை, நேற்று சாரங்கபாணியில் பார்த்ததற்கு நேர் எதிர். ராஜராஜன் வாசலின் துவாரபாலகர்கள் ஒவ்வொருவரும் ஒரே கல்.

முற்றத்தில் இரண்டு சுற்று. முதல் சுற்று மதிலை ஒட்டிய திருச்சுற்று மாளிகையோரம், விமானத்தை முழுதாகப் பார்க்க. 1010-ல் முடிந்த 13 தளம், ஏறத்தாழ 216 அடி என்பார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லிக்கொண்டு ஒரு வழிகாட்டி வருவார். காலை ஏழரைக்கு மேற்குப் பக்கம் போங்கள், அந்த நிழலிலேயே நிற்பீர்கள். உச்சிக் கல் 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான், பல கற்களைச் சேர்த்துச் செய்தது என்பதே ஆய்வாளர்கள் கருத்து.

இரண்டாம் சுற்று சுவரை ஒட்டி. இங்கே சுவர் இரண்டு அடுக்கு, கோட்டங்களும் இரண்டு வரிசை. மேல் வரிசையில் முப்புரம் எரித்த சிவனான திரிபுராந்தகர் வில்லோடு திரும்பத் திரும்ப வருவார். பைனாகுலர் இதற்குத்தான். அதிட்டானம் முழுக்கக் கல்வெட்டு. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு வீடு எந்தச் சிறகில் (தெரு வரிசையில்), எத்தனையாவது என்று வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கருவறையைச் சுற்றிய உள்வழியின் சோழர் ஓவியங்களும், அதற்கு மேல்தளத்து, நாட்டிய நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களும் (108-ல் 81 முடிந்தன) பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. வளாகத்திலுள்ள தொல்லியல் துறைக் காட்சிக்கூடத்தில் படங்கள் இருக்கின்றன.

நந்தியும் முருகன் கோயிலும் நாயக்கர் காலத்தவை, அம்மன் கோயில் பாண்டியர் காலம். முருகன் கோயிலின் வேலைப்பாடு அபாரம், ஆனால் பெரும்பாலானோர் அதையும் ராஜராஜன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

பத்தரைக்கு வெளியே வந்து அரண்மனைக்கு நடக்கலாம், ஒன்றரை கிலோமீட்டருக்குள். வழியில் சிவகங்கைப் பூங்காவில் 1779-ன் சுவார்ட்ஸ் தேவாலயம். அரண்மனையில் கலைக்கூடத்துச் சோழச் செப்புத் திருமேனிகள்தான் முதல் வேலை, மீதி பிறகு. வளாகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சீட்டு, தனி நேரம், தனி விடுமுறை. வாசலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

திரும்பும்போது பசுபதிகோயிலில் இறங்கினால் புள்ளமங்கை பக்கம். முதலாம் பராந்தகன் காலச் சிறு கோயில். அதிட்டானத்தில் உள்ளங்கை அளவு சிற்பங்கள், நாகேஸ்வரனுக்கு நெருங்கிய உறவு. மாலை நாலரைக்குமேல் போங்கள். கிராமக் கோயில், பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டால் குருக்கள் எங்கே என்று சொல்வார்கள். திரும்ப வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், இருட்டிய பிறகு ஆட்டோ கிடைக்காது.

மூன்றாம் நாள்

இரண்டு வழி. நடை போதும் என்றால் காலையில் திருபுவனம்: மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது, சோழரின் பெரிய விமானங்களில் கடைசி. அங்கேயே பட்டுத்தறிச் சத்தம் தெருவில் கேட்கும். பகலில் சுவாமிமலை ஸ்தபதிகளின் பட்டறை, நடை சாத்தும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்கள். அனுமதி கேட்டு உள்ளே போங்கள், வாங்காவிட்டாலும் காட்டுவார்கள்.

கார் பேச முடிந்தால் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்டசோழபுரம், சுமார் 35 கிலோமீட்டர். காலை ஆறுக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பலாம். ராஜேந்திரன் கட்டிய விமானம் 55 மீட்டர். தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்கோடாக ஏறும், இது உட்குழிந்து வளைந்து ஏறும். இதைப் பார்க்க முந்தின நாள் தஞ்சாவூர் பார்த்திருப்பது அவசியம், வரிசையை மாற்றாதீர்கள். வடக்கு வாயிற்படி ஓரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியை (சண்டேசருக்கு அருளும் சிவன்) விடாதீர்கள். வண்டி பேசும்போது காத்திருப்பு நேரம் சேர்த்தா, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ‘வழியில் இன்னும் ரெண்டு கோயில் காட்டறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

தரங்கம்பாடியை இதே பயணத்தில் நுழைக்க வேண்டாம். 1620-ன் டேனிஷ் கோட்டை, 1792-ன் நகர வாசல், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம், கடல் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் ஒரே தெருவின் நடையில் அடங்கும். ஆனால் அங்கே ஒரு இரவு தங்கி, விடியற்காலையில் கடற்கரையிலிருந்து தொடங்க வேண்டும். மயிலாடுதுறை வரை ரயில், பிறகு பஸ்.